முன்போலவே ஓட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன்

செய்தி எனக்கு டைம் ஆபீஸ் டெலிபோனில் வந்தது. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நவம்பர். எங்கள் ராணுவப் பட்டறை வாசலில் ராணுவ லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றை முடித்து வெளியே தள்ளினால் இரண்டு உள்ளே வரும். பியூன் வந்து போன் என்றபோது எரிச்சலோடுதான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மறுமுனையில் நூர் முகமது. "காக்கா மௌத்தாயிட்டாங்க" என்றார். கீழக்கரைக்காரர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், சாவை மௌத் என்பார்கள். நூருக்கு ஒரே அண்ணன், கமாலுதீன் பாய். "எங்கே?" என்றேன். "காத்ரஜ் மலை இறக்கத்துல. வண்டி உருண்டிடுச்சு." அடுத்து நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பிரேக்கா?" என்று கேட்டேன். நூர் டெலிபோனை வைத்துவிட்டார்.

நம் தமிழ்ச் சங்க மலருக்குப் பாயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "அந்தக் கார் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும், அதை வச்சு சுவாரஸ்யமா எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். சுவாரஸ்யத்துக்கு நான் பொறுப்பில்லை. பாயை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். புனா கேம்ப்பில் கயிறு, தார்ப்பாய், கூடாரத் துணிக் கடை; ஆறடிக்கு மேல் உயரம்; நம் பொங்கல் விழாவுக்குப் பந்தல் துணி எப்போதும் அவர் கடையிலிருந்துதான் வரும். துணியைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பார். சகாராமையும் உங்களுக்குத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். பாயின் பச்சைக் கார் பக்கத்தில் காக்கிச் சட்டையோடு நிற்கும் குள்ளமான டிரைவர். அவர் இப்போது காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர்மேல் வழக்கு இருக்கிறது. அன்றைக்கு அவர்தான் காரை ஓட்டினார், பிரேக்கைக் கவனிக்காமல் விட்டிருந்தார், ஆபத்து என்றதும் முதலாளியை உள்ளே விட்டுவிட்டுக் குதித்துவிட்டார் என்று நம்மவர்களிடையே பேச்சு. அப்படிப் பேசியவர்கள் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

காரின் பெயரை எழுதப் போவதில்லை. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. இங்கிலாந்து வண்டி. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் கூரையிலிருந்து வால்வரை ஒரே சரிவு. காலையில் ஒரு நாட்டில் ஏறி மாலையில் வேறொரு நாட்டில் இறங்க விரும்பும் பணக்காரர்களுக்காக, நாள் முழுக்க வேகம் குறையாமல் ஓடும்படி செய்தது. ஒரு சின்ன சமஸ்தானத்து வாரிசு வரவழைத்து, ஓட்டி, அலுத்துப்போய் விற்றார். அவர் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தது என்றும், அதனால்தான் தள்ளிவிட்டார் என்றும் கேம்ப்பில் பேசினார்கள். பாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இளம் வயதில் பம்பாய்க்கும் புனாவுக்கும் லாரி ஓட்டியவர் அவர். "கண்டாலா மேட்டுல என் லாரி முக்கிக்கிட்டு ஏறுது தம்பி. இது மாதிரி ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு. சத்தமே இல்லை. நான் லாரியை ஓரங்கட்டிட்டு சும்மா உக்காந்திருந்தேன், என்னமோ யாரோ என்னை வேலையை விட்டு நிறுத்திட்ட மாதிரி" என்று சொல்வார்.

கார் வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து குறைகளைச் சொன்னேன். மழுப்பிப் பேசுவது எனக்கு வராது.

"பாய், இது நம்ம ரோடுக்கு ஆகாது. வயிறு தரையில தட்டும். லஷ்கர் பஜார்ல நாலு தடவை நின்னு போனா தண்ணி கொதிக்கும். பாடி அலுமினியம், கட்டைவிரலால அழுத்தினா குழியும். டயர் பம்பாய்லயே கிடைக்காது. ஆனா எடையைப் பாருங்க, ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் கம்மி. இதை ஓட வைக்கிறது பெரிசில்ல, நிறுத்துறதுதான் பெரிசு."

"இன்னும் இருக்கா?"

"பின் சீட்ல நீங்க உக்கார முடியாது. தலை இடிக்கும்."

"இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிட்டு நான் ஏன் தம்பி பின் சீட்ல உக்காரணும்?"

சகாராம் மட்கார்டைத் துடைத்தபடி இந்தியில் குறுக்கிட்டார். "இந்த மகாராணி குளிக்காம எங்க வீட்ல யாரும் குளிக்கக் கூடாதுன்னு சேட் உத்தரவு. என் பொண்டாட்டி ரெண்டு நாளா என்கூடப் பேசலை சாஹேப்." பாய் சிரித்தார். பிறகு என்னிடம், "குறையே இல்லாத சாமான்தான் வேணும்னா நான் கயிறு வித்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. காரும் பிடித்தது. அதை அவரிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்த என்ஜினை மூடியைத் திறந்து ஓடவிட்டு, அதன் தலைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தேன்; தண்ணீர் அசையவில்லை. லாரிகளோடு மல்லுக்கட்டும் எனக்கு அது எரிச்சலையும் பொறாமையையும் ஒன்றாகக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியைப் பார்த்துக்கொள்வது என்னுடையதாயிற்று. மற்றவர்கள் வண்டியைக் கொண்டுவந்தால், "ஏதோ சத்தம் வருது, என்னான்னு பாருங்க" என்பார்கள். பாய் அப்படிச் சொன்னதே இல்லை. "மூணாவது கியர், நாற்பது மைலுக்கு மேலே, மேடு ஏறும்போது மட்டும், இடது பக்கம் முன்னால. இறக்கத்துல இல்லை" என்பார். காரணம் சொல்ல மாட்டார். போன வாரம் நீங்கள் கழற்றியதால்தான் என்று குத்திக்காட்ட மாட்டார். நடந்தது எதுவோ அது மட்டும். என் மேலதிகாரிகள்கூட ஒரு பழுதை அவ்வளவு சுத்தமாக எழுதித் தந்தது கிடையாது. எனக்கு உடனே கை வைக்க முடியும், ஐந்து நிமிஷம் மிச்சமாகும். அவரிடம் நான் பொறுமையாக இருந்ததாக உங்களில் சிலர் ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். பொறுமைக்கு அவர் வேலை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு காலை கடக்வாஸ்லா அணைவரை என்னை ஏற்றிக்கொண்டு போனார். கியர் கம்பி ஓட்டுபவரின் வலது முழங்காலுக்கு அருகே இருக்கும். அதை இரண்டு விரலால் நகர்த்துவார். ஊர் எல்லை தாண்டியதும் வேகம் எடுத்தார். மாட்டு வண்டிகள், பள்ளிக்கூட மதில், கரும்பு வயல் எல்லாம் பின்னால் போயின. உள்ளே எங்கள் குரல் உயரவே வேண்டியிருக்கவில்லை. "இது ஓடுறதில்ல தம்பி. நாம சும்மா உக்காந்திருக்கோம், ஊரு நம்மளைத் தாண்டிப் போகுது" என்றார். திரும்பி வரும்போது ஒரு நீண்ட சரிவு. கால் வைக்கும் இடத்தில் சூடு அதிகமாக வருகிறது என்று நான் குனிந்து கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ன கேக்குது?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"காத்து?"

"காத்து கேக்குது."

அவர் சாவியைத் திருப்பினார். அப்போதுதான் என்ஜின் இவ்வளவு நேரம் அணைந்து கிடந்தது எனக்குத் தெரிந்தது. நியூட்ரலில் போட்டு, அணைத்து, சரிவில் சும்மா உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடும்போதும் ஓடாதபோதும் வித்தியாசம் தெரியாத என்ஜின்.

"லாரிக்காரன் புத்தி போகலை உங்களுக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்றேன்.

"அப்பப் பெட்ரோலுக்காகப் பண்ணினேன். இப்ப இதுக்காகப் பண்றேன்" என்று கண்ணாடிக்கு வெளியே காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, சாலையும் வெயிலும்தான். நான் மறுபடி குனிந்து சூட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த நிமிஷம் என் தலையில் தங்கவில்லை. தங்கியிருக்க வேண்டும்.

இனி பிரேக்கைப் பற்றி. பெரிய கார்களில் காலின் அழுத்தம் மட்டும் போதாது. அதைப் பெருக்கிக் கொடுக்க ஒரு துணைக் கருவி இருக்கும். இந்தக் காரில் அது கியர்பாக்ஸின் பக்கவாட்டில், சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் தண்டில் இருந்தது. சக்கரம் உருண்டால் அது சுழலும், பிரேக்குக்கு உதவும். என்ஜின் ஓடுகிறதா என்று அது கேட்காது. அதன் குறை, வண்டி ஊர்ந்து போகும்போது மிதித்தால் அரை நொடி தாமதிக்கும். பழகினால் தெரியாது. ஆனால் பாயின் வண்டியில் அந்தக் கருவியின் உள்ளே இருக்கும் உராய்வுத் தகடு தேய்ந்துகொண்டே போயிற்று. முதலில் ஒரு கருகல் நாற்றம். பிறகு கடைத்தெருவில் ஊர்ந்து போகையில் கார் ஒரு டாங்கா குதிரை வண்டியின் சக்கரத்தில் மோதியது. "மெதுவாப் போறப்ப மிதிச்சா முதல்ல ஒண்ணும் இல்லை. அப்புறம் வருது. அந்த நடு நேரம் போன மாசத்தைவிட நீளம்" என்று பாய் சொன்னார். சகாராம் சொன்ன விதம் வேறு. "மிதிச்ச பிறகு இது யோசிக்குது சாஹேப். யோசிச்சுட்டுத்தான் நிக்குது. ஒரு நாளைக்கு யோசிச்சுப் பார்த்துட்டு வேணாம்னு முடிவு பண்ணிடும்." வண்டிக்கு மூளை கிடையாது என்று அவரை அடக்கினேன். அவர் பேனட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, "அதான் எனக்கும் பயம்" என்றார்.

புதிய தகடு இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் கிடைக்காத காலம். பம்பாயில் விசாரித்தேன், கல்கத்தாவுக்கு எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது யுத்தகாலத்து அமெரிக்க லாரி ஒன்று ஏலத்துக்கு வந்தது. அதில் வேக்குவம் பூஸ்டர் இருந்தது. என்ஜின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலை எடுத்து பிரேக்கை அழுத்த உதவும் கருவி. தாமதம் கிடையாது, தொட்டால் பிடிக்கும். பழைய கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் பொருத்துவதென்று முடிவு செய்தேன். பாயிடம் சொன்னபோது, "கம்பெனிக்காரன் ஏன் அதை அங்க வச்சான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழைய காலத்துப் பிடிவாதம் பாய். பாட்டன் செஞ்சதை மாத்த மாட்டாங்க" என்றேன். "என்ஜினீயர் சொன்னா சரி" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க கார் அவர் கடையின் பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெள்ளம் வந்து போன அடுத்த வருஷம் அது. மழை கொஞ்சம் வலுத்தாலே ஊரில் எல்லோரும் ஆற்றுப் பக்கம் பார்ப்பார்கள். நான் ஞாயிறு தோறும் போய்க் குழாய் வளைத்தேன், தாங்கிகள் செய்தேன், கசிவு பார்த்தேன். நல்ல வேலை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வேலையில் ஒரு பிசகும் இல்லை. ஒரு இணைப்பும் கசியவில்லை, ஒரு ஆணியும் தளரவில்லை. முடியும்போது அக்டோபர் ஆகியிருந்தது, சண்டையும் வந்துவிட்டது. லீவு எல்லாம் ரத்து.

வண்டியை ஒப்படைத்தது ஒரு காலை நேரம், ஷிப்டுக்குப் போகும் வழியில். சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.

"இனி தாமதமே ஆகாது பாய். தொட்டா நிக்கும். மெதுவா மிதிங்க, இல்லேன்னா மூக்கு கண்ணாடில இடிக்கும்."

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"ஒண்ணும் இல்லை. முன்ன மாதிரியே ஓட்டுங்க."

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி."

"நேரம் இல்லை பாய்."

அவ்வளவுதான் பேசினோம். அவரை நான் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

மூன்று வாரம் அவர் காரை ஊருக்குள் ஓட்டினார். ஊர் சமதளம். கடைத்தெருவில் யாரும் என்ஜினை அணைத்து ஓட்டுவதில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நூரிடம் சொல்லி அனுப்பினார். பிறகு சதாராவில் ஒரு கல்யாண வீட்டுக்கு சகாராமோடு போனார். மறுநாள் பிற்பகல் திரும்பும்போது காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டி இந்தப் பக்க இறக்கத்தில், வளைவு ஒன்றில் கார் சாலையை விட்டுப் போயிற்று. பாய் காரையும் தாண்டி, சரிவில் கீழே கிடந்தார். சகாராம் மேலே, சாலையோரத்தில், தொடை எலும்பு முறிந்து கிடந்தார். யார் ஓட்டினார்கள் என்று பார்த்தவர் கிடையாது. கீழே கிடந்தவர் முதலாளி, மேலே கிடந்தவர் டிரைவர். ஊர் கதையை எழுதிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் காரை மேலே இழுத்து, போலீஸ் சௌக்கிக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கும் என்ற பயத்தோடுதான் போனேன். முன்பக்கம் அலுமினியம் காகிதம்போலச் சுருண்டிருந்தது. பிரேக் எண்ணெய் நிறைய இருந்தது. குழாய்கள் முழுசாக இருந்தன. சக்கரத்துப் பிரேக் கட்டைகள் புதிது. கை பிரேக் கடைசிப் பல்வரை இழுபட்டிருந்தது. என் வேலை உடையவில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிறகு டிரைவர் சீட்டைப் பார்த்தேன். அது தன் சறுக்குக் கம்பியில் கடைசிவரை பின்னால் தள்ளி, மோதலில் அங்கேயே நெளிந்து இறுகியிருந்தது. சகாராம் ஓட்டினால் சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, மடித்த கம்பளி ஒன்றையும் போட்டு உட்காருவார். இல்லாவிட்டால் அவர் கால் எட்டாது. கம்பளி பின் சீட்டுக்குக் கீழே மடிப்புக் கலையாமல் இருந்தது. ஓட்டியது பாய்.

கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி அணைத்த நிலையில் இருந்தது. "யாராவது சாவியைத் தொட்டீங்களா?" என்று ஹவில்தாரிடம் கேட்டேன். யாரும் தொடவில்லை என்றார். வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கடக்வாஸ்லாச் சரிவு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி வைத்த கருவி சக்கரத்திலிருந்து விசை எடுத்தது. என்ஜினை அணைத்து மலையிறங்கினாலும் பிரேக் பிடிக்கும். நான் வைத்த கருவி என்ஜினிலிருந்து எடுத்தது. அணைத்தால் அதற்கு உயிர் இல்லை. மிச்சமிருக்கும் உறிஞ்சலில் ஒரு மிதி பிடிக்கும், இரண்டாவது பாதி பிடிக்கும், மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும். இரண்டு டன் வண்டியை வெறும் காலால் அந்த இறக்கத்தில் நிறுத்த முடியாது. சாவியைத் திருப்பியிருந்தால் போதும், எல்லாம் திரும்பி வந்திருக்கும். பெடலுக்கும் சாவிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தெரியாது. அவர் முன்போலவே ஓட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே ஸ்டூலில் ஒரு கான்ஸ்டபிள். என்னைப் பார்த்ததும் சகாராம் அழவில்லை, திட்டவில்லை. கடமை பாக்கி இருப்பவர்போல எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு சேதி இருக்கு சாஹேப். நீங்க வருவீங்கன்னு ஒவ்வொரு நாளும் பார்த்தேன்."

"யாரு சொன்ன சேதி?"

"சேட். சுரங்கம் தாண்டினதும் எப்பவும் போல அணைச்சார். முதல் வளைவு சரியாத் திரும்பிட்டோம். அப்புறம் ரெண்டு காலாலயும் மிதிச்சார். கை பிரேக்கை இழுத்தார், புகை வந்துச்சு. என் பக்கம் திரும்பி, 'உடீ மார்'னார்."

மராத்தியில் குதி என்று அர்த்தம். 

"நான் மாட்டேன்னேன். கையை நீட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துட்டார். 'என்ஜினீயர்கிட்ட சொல்லு, ரெண்டு மிதி இருந்தது, மூணாவது இல்லை. உடீ மார்' அப்படின்னு தள்ளினார். அன்னையிலேர்ந்து நான் யார்கிட்ட சொன்னாலும் நம்பலை. சாகப் போறவன் பிரேக்கைப் பத்தியா சேதி சொல்லுவான்னு கேக்கறாங்க. நீங்க சொல்லுங்க சாஹேப், சேட் அப்படித்தானே பேசுவார்?"

"அப்படித்தான் பேசுவார்" என்றேன்.

"மூணாவது ஏன் இல்லை?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, என் வீடு இருக்கும் கோர்படிவரை நடந்தேன்.

அதன்பின் ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. சண்டை, இரட்டை ஷிப்ட், நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சண்டை நின்றது. அப்போதும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க சகாராமின் மனைவி நூரின் கடைவாசலில் வந்து நின்றதாகவும், நூர் கடைப்பையன்களை விட்டு அந்த அம்மாளை விலக்கச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நம் சங்கக் கூட்டத்தில் ஒருவர் "நன்றி கெட்ட ஜன்மம்" என்று சகாராமைச் சொன்னபோது நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனேன். ஓதி முடித்து எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் நூரிடம் உட்காரச் சொன்னேன். பாயின் மனைவி இத்தாவில் இருந்தார். கணவர் போனபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம். திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருப்பது தெரிந்துதான் சத்தமாகச் சொன்னேன். சீட்டு, சாவி, பூஸ்டர், பழைய கருவி, ஒப்படைத்த காலை, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும்.

நூர் கம்பளத்தைப் பார்த்தபடி கேட்டார். "சாவியைத் திருப்பியிருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்."

"அணைச்சா பிரேக் இருக்காதுன்னு சொல்றதுக்கு, உனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அதுவரை என்னை நீங்கள் என்றே கூப்பிட்டு வந்தவர். அவர் கேட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகியிருக்காது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த நேரத்துல அவருக்குத் தெரிஞ்சிருக்குமா தம்பி?"

"தெரிஞ்சிருக்கும்மா."

"எவ்வளவு நேரம்?"

"மூணாவது மிதியிலேர்ந்து அந்த வளைவு வரைக்கும். ஒரு ஃபர்லாங்."

"நான் நேரம் கேட்டேன்."

"பதினஞ்சு, இருபது நொடி இருக்கும்."

பிறகு அவர் பேசியது நூரிடம். "நூரு, நாளைக்குக் காலையில சகாராம் வீட்டுக்குப் போ. அந்தப் பொண்ணைக் கடைவாசல்ல நிறுத்தினியே, அதே மாதிரி அவங்க வாசல்ல உன்னை நிறுத்தினாலும் நின்னுட்டு வா." அடுத்தது என்னிடம். "நீங்க சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க. அப்புறம் இந்த வீட்டுக்கு வராதீங்க தம்பி. கோவத்துல சொல்லலை. உங்க குரலைக் கேட்டா வண்டி வந்து வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

மறுநாள் சௌக்கியில் எழுதிக்கொடுத்தேன். சகாராமின் கட்டிலருகே இருந்த கான்ஸ்டபிளை எடுத்துவிட்டார்கள். அவர்மேல் உள்ள வழக்கை இன்னும் திரும்பப் பெறவில்லை. அடுத்த மாதம் நான் கோர்ட்டில் சொல்ல வேண்டும். என்மேலேயே வழக்குத் திரும்பலாம் என்று வக்கீல் எச்சரித்தார். திரும்பட்டும். சகாராமிடம் மூணாவது ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போகிறவரை திரும்பவில்லை.

நம்மில் பலர் ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி ஓட்டுகிறோம். மலையிறக்கத்தில் அணைத்து உருட்டுவது நமக்குப் பழக்கம். உங்கள் வண்டியில் பூஸ்டர் எதிலிருந்து விசை எடுக்கிறது என்று தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்.

பாயின் பொருள் எதுவும் என்னிடம் கிடையாது. கேட்கவும் எனக்கு முகமில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான், அதுவும் என் உடம்பில். கோர்படி ரயில்வே காலனிக்குப் போகும் சரிவில் நான் தினமும் நடக்கிறேன். பின்னால் ஏதாவது லாரி என்ஜின் அணைந்து, டயர் சத்தத்தோடு மட்டும் உருண்டு வந்தால், முன்பெல்லாம் எனக்கு அது காதில் விழுந்ததே கிடையாது. இப்போது முதலில் கேட்பது நான்தான். நின்றுவிடுகிறேன். என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் வண்டி என்னைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது.